மூளைக் கதிர்வீச்சுச் சிகிச்சையின் நெடுங்காலப் பின்விளைவுகள்: ஆய்வில் நோயாளரின் பங்கு

ஆய்வுச் சுருக்கம்

மூளைக்கட்டிக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெறுவோருள் ஒரு சாரார் அதன்பின் பத்து ஆண்டுகளுக்கு மேலும் வாழ்கின்றனர். நினைவுக் குறைவு, கவனக் குறைவு, நீங்காத களைப்பு முதலான பின்விளைவுகள் அவ்வாழ்நாளின் பிற்பகுதியிலேயே முழுமையாக வெளிப்படுகின்றன. எதனை அளப்பது, எப்போது அளப்பது என்பவற்றை மருத்துவ ஆய்வாளர் மட்டுமே தீர்மானித்த காலத்தில் இவ்விளைவுகள் பெரும்பாலும் அளவீட்டிற்கு வெளியே நின்றன. ஆய்வு வினாவை வகுப்பது தொடங்கி வினாநிரலின் சொல்லைத் தேர்வது வரை நோயாளர் பங்கு பெறும்போது நிகழும் மாற்றத்தையும், அப்பங்கேற்பு இத்துறையில் எதிர்கொள்ளும் தனித்த இடர்ப்பாட்டையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மூளைக்கட்டி, கதிர்வீச்சுச் சிகிச்சை, அறிதிறன், வாழ்க்கைத்தரம், நோயாளர் பங்கேற்பு, வினாநிரல் மொழிபெயர்ப்பு.

முன்னுரை

மூளையில் தோன்றும் கட்டிகளுள் மெதுவாக வளரும் க்ளையோமா என்னும் வகை பெரும்பாலும் முப்பது, நாற்பது வயதினரிடம் காணப்படுகிறது. வலிப்பு வந்த பின்னரே பலருக்கு அது கண்டறியப்படுகிறது. வேலைக்குச் செல்வோர், சிறு குழந்தைகளை வளர்ப்போர் என வாழ்வின் நடுவில் நிற்போர் இவர்கள். அறுவைக்குப் பின் உடனே கதிர்வீச்சுச் சிகிச்சை பெறுவதா, கட்டி மீண்டும் வளரும்வரை காத்திருப்பதா என்னும் வினா இவர்கள்முன் வைக்கப்படும்போது, முடிவெடுக்க இரு செய்திகள் தேவைப்படுகின்றன. சிகிச்சை எத்தனை ஆண்டுகளைத் தரும் என்பது ஒன்று. அவ்வாண்டுகளில் படிக்கவும், கணக்குப் பார்க்கவும், பேச்சைத் தொடரவும் இயலுமா என்பது மற்றொன்று. முன்னதற்கு மருத்துவ இலக்கியத்தில் தெளிவான எண்கள் உள்ளன. பின்னதற்கு உள்ள தரவு மெலிவானது. இந்த ஏற்றத்தாழ்வு எவ்வாறு நேர்ந்தது என்பதை அறிந்தாலன்றி, நோயாளரை ஆய்வில் பங்கு பெறச் செய்ய வேண்டும் என்ற கோரிக்கையின் பொருள் விளங்காது.

பின்விளைவுகளின் இயல்பு

மூளைக்குக் கதிர்வீச்சு அளிப்பதால் நேரும் விளைவுகள் தோன்றும் காலத்தைக் கொண்டு மூவகையாகப் பகுக்கப்படுகின்றன. சிகிச்சை நடைபெறும் வாரங்களில் வரும் தலைவலி, குமட்டல், முடி உதிர்தல் முதலியன உடனடி விளைவுகள். சில மாதங்களுக்குள் தோன்றி, பெரும்பாலும் தாமே தணியும் மிகு உறக்கமும் சோம்பலும் இடைக்கால விளைவுகள். ஆறு மாதங்களுக்குப் பின், பலருக்குப் பல ஆண்டுகளுக்குப் பின் வெளிப்படுவன நெடுங்கால விளைவுகள். இவை பெரும்பாலும் மீள்வதில்லை. நினைவு, கவனம், சிந்தனை வேகம் ஆகியவற்றின் குறைவு, பிட்யூட்டரிச் சுரப்பியின் செயலிழப்பு, கேள்திறன் இழப்பு, திசு அழுகல், மூளைக் குருதிக்குழாய்களின் சேதம் ஆகியன இவற்றுள் அடங்கும்.

இவற்றின் தோற்றுவாய் ஒன்றன்று. நரம்பிழைகளுக்கு உறையாகும் மயலினை ஆக்கும் உயிரணுக்களும், நுண் குருதிக்குழாய்களின் உட்சுவரும் கதிர்வீச்சால் சேதமடைகின்றன. நினைவாக்கத்திற்கு இன்றியமையாத ஹிப்போகாம்பஸ் பகுதியில் புதிய நரம்பணுக்கள் உருவாவது குறைவதும், அங்கு அழற்சி நீடிப்பதும் விலங்கு ஆய்வுகளில் காட்டப்பட்டுள்ளன. எனினும் ஒரு நோயாளரிடம் காணப்படும் மறதிக்குக் கதிர்வீச்சே காரணம் என எளிதில் கூற இயலாது. கட்டியும், அறுவையும், வலிப்பும், வலிப்புக்கு உண்ணும் மாத்திரைகளும், மனக்கவலையும் அதே மறதியைத் தரவல்லவை. நீண்ட காலம் பின்தொடர்ந்து, கதிர்வீச்சு பெற்றோரையும் பெறாதோரையும் ஒப்பிட்டால் மட்டுமே அதன் பங்கைப் பிரித்தறிய முடியும்.

அத்தகைய ஒப்பீடுகளுள் நெதர்லாந்தில் நடைபெற்றது குறிப்பிடத்தக்கது. மெதுவாக வளரும் க்ளையோமா உடைய 195 பேரை ஆராய்ந்த அக்குழு 2002ஆம் ஆண்டு தன் முதல் முடிவுகளை வெளியிட்டது. அவர்களுள் கட்டி மீண்டும் வளராத 65 பேரைச் சராசரியாக 12 ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் சோதித்து 2009ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில், கதிர்வீச்சு பெறாதோரின் அறிதிறன் ஏறத்தாழ நிலையாக இருந்ததையும், பெற்றோரிடம் கவனத்திறன் தொடர்ந்து குறைந்து வந்ததையும் காட்டியது. ஒவ்வொரு அமர்விலும் 2 கிரே அல்லது அதற்குக் குறைந்த அளவு அளித்தால் தீங்கில்லை என்று முன்னர் நிலவிய கருத்து இதனால் தளர்ந்தது. ஆறாம் ஆண்டில் ஓரளவு பாதுகாப்பானது எனத் தோன்றியது பன்னிரண்டாம் ஆண்டில் அவ்வாறு தோன்றவில்லை என்பதே இதன் சாரம்.

அளக்கப்படாத வினா

ஐரோப்பியப் புற்றுநோய் ஆய்வு மற்றும் சிகிச்சை அமைப்பு, உடனடிக் கதிர்வீச்சையும் தள்ளிவைத்த கதிர்வீச்சையும் ஒப்பிட்டு ஒரு பெரிய சோதனையை 1986ஆம் ஆண்டு தொடங்கியது. அதன் நெடுங்கால முடிவுகள் 2005ஆம் ஆண்டு வெளியாயின. உடனே 54 கிரே பெற்றோருக்குக் கட்டி மீண்டும் வளராமல் இருந்த இடைநிலைக் காலம் 5.3 ஆண்டுகள், காத்திருந்தோருக்கு 3.4 ஆண்டுகள். ஆனால் மொத்த வாழ்நாளில் வேறுபாடில்லை: முறையே 7.4, 7.2 ஆண்டுகள். முதலாண்டு முடிவில் வலிப்புக் கட்டுப்பாடு உடனடிச் சிகிச்சைக் குழுவில் மேம்பட்டிருந்தது.

இவ்விடத்தில்தான் சிக்கல் எழுகிறது. வாழ்நாள் சமமாக இருக்கும்போது, எம்முறையைத் தேர்வது என்பது வாழ்க்கைத்தரத்தைப் பொறுத்தது. அச்சோதனையிலோ வாழ்க்கைத்தரம் ஆராயப்படவில்லை. ஆகவே, கட்டி வளராமல் கழிந்த அக்கூடுதல் காலம் நல்ல நிலையில் கழிந்ததா என்பதை அறிய வழியில்லை எனக் கட்டுரையாசிரியர்களே பதிவு செய்தனர். முந்நூறுக்கும் மேற்பட்ட நோயாளரின் பல்லாண்டு ஒத்துழைப்பில் கிடைத்த சான்று, அவர்களைப் போன்ற அடுத்த நோயாளர் கேட்கக்கூடிய முதல் வினாவின்முன் நின்றுவிட்டது. இதனை அக்கால ஆய்வாளரின் அலட்சியம் என்று மட்டும் கூறுவது நியாயமன்று. வாழ்க்கைத்தர வினாநிரல்கள் அப்போது வளர்ச்சி நிலையில்தான் இருந்தன. எனினும், திட்டத்தை வகுத்த மேசையில் இந்நோயோடு வாழும் ஒருவர் அமர்ந்திருந்தால் அவ்வினா எழாமல் போயிருக்குமா என்பது சிந்திக்கத்தக்கது.

இவ்வினாவின் எடை பின்னர் மேலும் கூடியது. அமெரிக்காவில் நடைபெற்ற மற்றொரு சோதனையின் நெடுங்கால முடிவுகள் 2016ஆம் ஆண்டு வெளியானபோது, கதிர்வீச்சுடன் மூன்று மருந்துகள் கொண்ட வேதிச்சிகிச்சையும் பெற்றோரின் இடைநிலை வாழ்நாள் 13.3 ஆண்டுகள் எனவும், கதிர்வீச்சு மட்டும் பெற்றோருக்கு 7.8 ஆண்டுகள் எனவும் தெரியவந்தது. வாழ்நாள் நீள்வது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் பின்விளைவுகள் முற்றுவதற்கான காலமும் அதனுடன் நீள்கிறது. அச்சோதனையில் அறிதிறனை அளக்கப் பயன்பட்டது முப்பது மதிப்பெண் கொண்ட சுருக்க மனநிலைச் சோதனை. இன்று என்ன நாள், இது எந்த ஊர் என்பன போன்ற வினாக்கள் கொண்ட அது, முதுமை மறதியைக் கண்டறிய உருவாக்கப்பட்டது. அலுவலகத்தில் இரு வேலைகளை ஒருசேரக் கவனிக்க இயலாமல் திணறும் நாற்பது வயதினர் அதில் முழு மதிப்பெண் பெறக்கூடும். கருவி பருமனாக இருந்தால் இழப்பு இல்லாததாகவே பதிவாகும்.

பங்கேற்பு என்னும் சொல்

நோயாளரின் பங்கு என்பதை இருவேறு பொருளில் கொள்ள இடமுண்டு. சோதனையில் சேர்ந்து, மருந்து உண்டு, இரத்தம் கொடுத்து, வினாநிரலை நிரப்புவதும் பங்கேற்பே. இக்கட்டுரை கருதுவது அதனையன்று. எவ்வினாவை ஆராய்வது, எதனை முதன்மை அளவாகக் கொள்வது, தகவல் தாளில் எச்சொல்லை எழுதுவது, முடிவுகளை எவ்வாறு பொருள்கொள்வது ஆகியவற்றில் நோயாளரும் அவரைப் பராமரிப்போரும் ஆய்வாளருடன் இணைந்து முடிவெடுப்பதே இங்குப் பங்கேற்பு எனப்படுகிறது. பிரிட்டனில் 1996ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இன்வால்வ் அமைப்பு இவ்வேறுபாட்டை வேற்றுமை உருபுகளைக் கொண்டே விளக்கலாம் என்னும் அளவுக்கு எளிமையாக்கியது. நோயாளரை ஆராய்வது ஒன்று. நோயாளரோடு ஆராய்வது வேறு. ஐயும் ஓடும் இங்கு வெறும் உருபுகளல்ல.

பங்கேற்பு பெயரளவில் முடிந்துவிடும் வாய்ப்பும் மிகுதி. நிதி விண்ணப்பத்தில் நிரப்ப வேண்டிய ஒரு கட்டமாக அது சுருங்கிவிடுவதுண்டு. திட்டம் முற்றாக எழுதப்பட்ட பின், இருவரை அழைத்துத் தகவல் தாளைப் படிக்கச் சொல்லிக் கருத்துக் கேட்பது அதன் வழக்கமான வடிவம். ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் 1969ஆம் ஆண்டு நகரத் திட்டமிடலில் குடிமக்களின் பங்கை எட்டுப் படிகளாக வகுத்தபோது, கலந்தாலோசித்தலைப் பெயரளவுப் பங்கேற்பின் படிகளுள் ஒன்றாகவே வைத்தார் என்பது மருத்துவத் துறைக்கும் பொருந்தும்.

வினாவை வகுத்தல்: ஜேம்ஸ் லிண்ட் கூட்டணி

1747ஆம் ஆண்டு ஸ்கர்வி நோயுற்ற மாலுமிகளிடம் பல சிகிச்சைகளை ஒப்பிட்டுச் சோதித்த கப்பல் மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட். அவர் பெயரால் பிரிட்டனில் 2004ஆம் ஆண்டு ஒரு கூட்டணி நிறுவப்பட்டது. ஒரு நோய் குறித்து இதுவரை விடை கிட்டாத வினாக்களுள் எவை முதன்மையானவை என்பதை நோயாளர், பராமரிப்போர், மருத்துவப் பணியாளர் ஆகியோர் சமநிலையில் அமர்ந்து தீர்மானிப்பதற்கு அது வழிவகுக்கிறது. முதலில் வினாக்கள் பரவலாகத் திரட்டப்படுகின்றன. ஏற்கெனவே விடையுள்ளவை நீக்கப்படுகின்றன. எஞ்சியவை வாக்கெடுப்பால் சுருக்கப்பட்டு, நேரடிக் கூட்டத்தில் பத்தாக வரிசைப்படுத்தப்படுகின்றன. மருந்து நிறுவனங்களுக்கு இதில் இடமில்லை. மூட்டுத் தேய்வு பற்றி 2000ஆம் ஆண்டு லான்செட் இதழில் வந்த ஆய்வு, ஆய்வாளர் பெரிதும் மருந்துகளையே ஆராய்ந்ததையும், நோயாளர் விரும்பியது அறுவை, உடற்பயிற்சி, நோய் பற்றிய விளக்கம் முதலியன என்பதையும் எடுத்துக்காட்டியது இம்முயற்சியின் பின்புலமாகும்.

மூளை, தண்டுவடக் கட்டிகள் குறித்து இம்முறையில் உருவான பத்து வினாக்கள் 2015ஆம் ஆண்டு வெளியாயின. அறுவையாலும் கதிர்வீச்சாலும் உடலிலும் அறிதிறனிலும் நேரும் நெடுங்கால விளைவுகள் யாவை என்பது அவற்றுள் ஒன்று. களைப்பைக் கையாளும் வழிகள் பற்றியும், நோயாளரிடம் காணும் மாற்றங்களைப் பராமரிப்போர் எதிர்கொள்ள உதவும் முறைகள் பற்றியும் தனித்தனி வினாக்கள் இடம்பெற்றன. கட்டியை அழிக்கும் புதிய மருந்து எது என்ற வினா முதலிடத்தில் இருக்கும் என எதிர்பார்க்கும் ஒருவருக்கு இப்பட்டியல் வியப்பளிக்கும். மருத்துவர்களும் அக்கூட்டத்தில் இருந்தனர் என்பதால் இதனை நோயாளரின் தனிக்குரல் எனக் கொள்ளலாகாது. எனினும் அக்குரலின்றி இவ்வரிசை அமைந்திருக்கும் எனக் கருதுவது கடினம். பிரிட்டனில் பின்னர் தொடங்கிய அப்ரோச் என்னும் சோதனை, புரோட்டான் கதிரையும் வழக்கமான ஃபோட்டான் கதிரையும் ஒப்பிடுவதற்கு ஐந்து ஆண்டுகளுக்குப் பிந்தைய அறிதிறனையே முதன்மை அளவாகக் கொண்டது. அளவின் இடத்தில் வாழ்நாள் இல்லை என்பது கருதத்தக்கது.

அளவுகோல் மாறும்போது

முதன்மை அளவு மாறினால் மருத்துவ நடைமுறையே மாறக்கூடும் என்பதற்கு நுரையீரல் புற்றுநோய் மூளைக்குப் பரவியோரிடம் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் நடைபெற்ற குவார்ட்ஸ் சோதனை சான்றாகிறது. 538 பேர் பங்கு பெற்ற அதன் முடிவுகள் 2016ஆம் ஆண்டு வெளியாயின. வாழ்க்கைத்தரத்தால் நிறுத்துப் பார்த்த வாழ்நாளே அதன் முதன்மை அளவு. முழு மூளைக்கும் கதிர்வீச்சு பெற்றோருக்கு அது 46.4 நாள்கள், ஆதரவுச் சிகிச்சை மட்டும் பெற்றோருக்கு 41.7 நாள்கள். ஐந்து நாளும் நிரம்பாத அவ்வேறுபாட்டிற்காக, எஞ்சிய சில வாரங்களில் ஒரு பகுதியை மருத்துவமனைப் பயணத்தில் செலவிட வேண்டுமா என்னும் முடிவை இப்போது நோயாளரே எடைபோட இயலும்.

518 பேரைக் கொண்டு அமெரிக்கக் கூட்டுக்குழு நடத்தி 2020ஆம் ஆண்டு வெளியிட்ட மற்றொரு சோதனை, முழு மூளைக் கதிர்வீச்சின்போது ஹிப்போகாம்பஸ் பகுதியைத் தவிர்ப்பதால் பயனுண்டா என ஆராய்ந்தது. இரு குழுவினருக்கும் மெமாண்டின் மருந்து அளிக்கப்பட்டது. வாழ்நாள் வேறுபடவில்லை. தவிர்த்த குழுவில் அறிதிறன் வீழ்ச்சிக்கான ஆபத்து ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது. சோதனைத் தாளில் மட்டுமன்றி, ஆறாம் மாதத்தில் நோயாளர் தாமே கூறியவற்றிலும் களைப்பும், நினைவுகூர்வதிலும் பேசுவதிலும் உள்ள தொல்லையும் குறைந்திருந்தன. மதிப்பெண்ணும் நோயாளரின் கூற்றும் ஒருசேர அமைவது எப்போதும் நிகழ்வதன்று. அவை முரண்படும்போது எதனை நம்புவது என்பதில் ஆய்வாளர் வழக்கமாக மதிப்பெண் பக்கமே சாய்வர்.

அச்சாய்வு பிழைபடக்கூடும் என்பதை முடக்குவாதத் துறையின் வரலாறு உணர்த்துகிறது. அத்துறையில் எவற்றை அளக்க வேண்டும் எனத் தீர்மானிக்கும் ஒமெராக்ட் மாநாட்டிற்கு 2002ஆம் ஆண்டு முதன்முறையாக நோயாளர் அழைக்கப்பட்டனர். மூட்டு வீக்கத்தையும் வலியையும் எண்ணிக்கொண்டிருந்த வல்லுநரிடம், தம்மை மிகுதியும் வாட்டுவது களைப்பே என அவர்கள் எடுத்துரைத்தனர். அதுவரை அடிப்படை அளவுகளுள் களைப்பு இல்லை. சில ஆண்டுகளில் அது இடம்பெற்றது.

விடுபட்டோர்

மூளைக் கதிர்வீச்சுத் துறையில் நோயாளர் பங்கேற்பு பிற துறைகளில் இல்லாத ஓர் இடர்ப்பாட்டைச் சந்திக்கிறது. ஆராயப்படும் தீங்கே பங்கேற்கும் ஆற்றலைக் குறைக்கிறது. இரண்டு மணி நேரக் கூட்டத்தில் அமர்ந்து, நாற்பது பக்க ஆவணத்தைப் படித்து, விரைந்து பேசுவோரிடையே தன் கருத்தைச் சொல்லக்கூடியவர் பெரும்பாலும் தீங்கு குறைவாக நேர்ந்தவரே. அவரது கருத்து மதிப்பற்றது என்பதன்று. ஆனால் அது தீங்கு மிகுந்தோரின் கருத்தாகிவிடாது. நெதர்லாந்து ஆய்வில் 195 பேர் 65 ஆனதும் இதே வகையில் நோக்கத்தக்கது. எஞ்சியோர் கட்டி வளராதோர். மணிக்கணக்கான சோதனைக்கு வர ஒப்பியோர். எனவே கிடைத்த முடிவு உண்மையான தீங்கைக் குறைத்தே காட்டியிருக்கக்கூடும்.

மேலும், தன் மாற்றத்தைத் தானே உணராமை மூளைச் சேதத்தின் ஓர் இயல்பு. தாம் முன்போலவே இருப்பதாக நோயாளர் கூற, அவர் சினம் மிகுந்தவராக, எதிலும் நாட்டமற்றவராக மாறிவிட்டதாக மனைவியோ கணவரோ கூறுவதுண்டு. இருவரையும் ஒரே அறையில் வைத்துக் கேட்டால் பின்னவர் பேசமாட்டார். பராமரிப்போரைத் தனியே கேட்பது இதனால் தேவையாகிறது. ஆனால் பராமரிப்போரின் கூற்றே நோயாளரின் கூற்றாகக் கொள்ளப்பட்டால் பங்கேற்பு மீண்டும் கைமாறிவிடும். இருவர் கூற்றையும் தனித்தனித் தரவாகப் பதிவுசெய்து, வேறுபாட்டை அழிக்காமல் வைத்திருப்பதே ஏற்புடையது.

கூட்டத்தின் வடிவத்தை மாற்றுவது பெருஞ்செலவுடையதன்று. ஆவணத்தை ஒரு வாரம் முன்பே ஒரு பக்கமாகச் சுருக்கி அனுப்புதல், காலை வேளையில் குறுகிய அமர்வாக நடத்துதல், ஒரு நேரத்தில் ஒருவரே பேசுதல், வர இயலாதோரிடம் தொலைபேசியிலோ வீட்டிலோ கேட்டல், மறுநாள் நினைவுக்கு வந்ததையும் ஏற்றல் என்பன போதும். வலிப்பு உடையோர் வாகனம் ஓட்டக்கூடாது என்பதால் பயணச்செலவு பற்றிய எண்ணமும் வேண்டும். வேலையை இழந்தவரிடம் ஊதியமின்றி ஆலோசனை பெறுவதை அறம் எனக் கூற இயலாது. சோதனைக்குத் தாமே ஒப்புதல் தர இயலாதோரைப் பொறுத்தவரை, இங்கிலாந்து, வேல்ஸ் நாடுகளில் 2005ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டமும், இந்தியாவில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளும் வழிகாட்டுகின்றன. ஆலோசகராக அவர்களைச் சேர்ப்பதற்கு இத்தகைய சட்டத்தடை எதுவுமில்லை, வழக்கமின்மையே தடை.

சொல்லும் சோதனையும்

இவ்வாய்வுகளின் கருவிகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் பிறந்தவை. அவை தமிழ் பேசும் நோயாளரை வந்தடையும்போது பங்கேற்பின் தேவை வேறொரு வடிவில் எழுகிறது. பரவலாகப் பயன்படும் ஐரோப்பிய அமைப்பின் முப்பது வினா கொண்ட வாழ்க்கைத்தர வினாநிரலில் அறிதிறனுக்கு உரியவை இரண்டே. அவற்றுள் ஒன்று நாளிதழ் படிப்பது, தொலைக்காட்சி பார்ப்பது போன்றவற்றில் கவனம் நிற்கிறதா எனக் கேட்கிறது. நாளிதழ் படிக்கும் வழக்கமே இல்லாதவர் இதற்கு என்ன விடை தருவார்? சமையலில் உப்பை இருமுறை போடுவதையும், பேருந்தில் இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிடுவதையும் அவர் கவனக்குறைவாகக் கருதலாம். வினாநிரல் அதனைக் கேட்பதில்லை.

களைப்பு பற்றிய வினாக்களில் சொற்சிக்கல் மேலும் நுட்பமானது. களைப்பு, சோர்வு, அசதி, பலவீனம் என்பன அகராதியில் அருகருகே நிற்பினும் வழக்கில் ஒன்றல்ல. உழைத்த பின் வருவது களைப்பு. காய்ச்சலுக்கு முன் வருவது அசதி. சோர்வு என்பது உடலுக்கும் மனத்திற்கும் பொதுவாகி, மனச்சோர்வின் சாயலையும் ஏற்கிறது. கதிர்வீச்சுக்குப் பின் ஓய்வெடுத்தாலும் தீராத நிலையைக் குறிக்கச் சோர்வு என்னும் சொல் தேர்ந்தெடுக்கப்பட்டால், உளத்தளர்ச்சியும் களைப்பும் ஒரே எண்ணுக்குள் கலந்துவிடும்.

அறிதிறன் சோதனைகளில் மொழிபெயர்ப்பு என்ற சொல்லே பொருந்துவதில்லை. குறித்த ஓர் எழுத்தில் தொடங்கும் சொற்களை ஒரு நிமிடத்தில் இயன்றவரை கூறுமாறு கேட்பது வழக்கமான ஒரு சோதனை. தமிழில் ககரம் எனக் கூறினால், குறிலில் தொடங்குவன மட்டுமா, ககர வரிசை முழுவதுமா என்பதை முன்னரே முடிவுசெய்தாக வேண்டும். எழுதப் பழகாதவர் ஒலியைக் கொண்டே சொற்களைத் தேடுவார். கங்கை, கல் என்னும் இரு சொற்களின் முதலொலி அவருக்கு ஒன்றாக இராது. எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றிக் கோட்டால் இணைக்கும் சோதனையில் அ, ஆ, இ, ஈ என வைத்தால், அகரமும் ஆகாரமும் வடிவில் நெருங்கியிருப்பதால் கண் தேடும் வேலை கூடுகிறது. பன்னிரண்டு சொற்களை மும்முறை படித்துக் காட்டி நினைவிலிருந்து கூறச் சொல்லும் சோதனையில், எழுத்து வழக்குச் சொல்லைப் படித்துக் காட்டினால் நோயாளர் பேச்சு வழக்கு வடிவில் திருப்பிச் சொல்வார். அதனைச் சரியெனக் கொள்வதா என்பதைச் சோதனையாளர் அந்நொடியில் முடிவுசெய்யக்கூடாது. மொழியியலாருக்கும் தமிழாய்வாளருக்கும் இங்குப் பணி உண்டு. ஆனால் அவர்கள் தீர்மானித்த சொல் நோயாளரிடம் எவ்வாறு சென்று சேர்கிறது என்பதை அவர்களால் மட்டும் அறிய இயலாது.

ஐரோப்பிய அமைப்பின் மொழிபெயர்ப்பு நெறி இதற்கு ஒரு சிறு வாயிலைத் திறந்து வைத்துள்ளது. இருவர் தனித்தனியே மொழிபெயர்த்து, வேறிருவர் மூலமொழிக்கு மீட்டுப் பெயர்த்து, ஒப்பிட்டுத் திருத்திய பின், அவ்வடிவம் சில நோயாளரிடம் முன்னோட்டமாக வழங்கப்படுகிறது. ஒவ்வொரு வினாவும் கடினமாக இருந்ததா, குழப்பியதா, மனத்தைப் புண்படுத்தியதா என அவர்களிடம் கேட்கப்படுகிறது. அவ்வாறாயின் இதே வினாவை அவர் எவ்வாறு கேட்டிருப்பார் என்பதும் கேட்கப்பட்டு, அவர் கூறும் சொற்களிலேயே படிவத்தில் எழுதப்படுகிறது.